தீக்காவற் பரண்



வேளச்சேரியில் என் வீட்டு மாடியில் நின்றால் வடக்கே கிண்டிக் காட்டின் பசுமை தெரியும். 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அக்காட்டின் பரப்பு மூன்று சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே சருகு பற்றினால் சுற்றுப்புறத் தெருக்களுக்கெல்லாம் புகை தெரிந்துவிடும். ஆனால் ஆளரவமற்ற மலைக்காட்டில் முதற்புகையைக் காண்பவர் யார்?

உயர்ந்த இடத்திலிருந்து காவல் காப்பது தமிழர்க்குப் புதிதன்று. தினைப்புனத்துப் பரண்மீது நின்று வள்ளி கிளி ஓட்டிய கதையை அறியாதார் யார்? காட்டையே தீயினின்று காக்கும் முயற்சி மிகவும் பிற்பட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் தீ மூட்டுதலைக் குற்றமாக்கிற்று. புல்லையும் புதரையும் நீக்கித் தீக்கோடுகள் வெட்டினர்; கோடையில் காவலரையும் அமர்த்தினர். மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்திவந்த மலைமக்களுக்கு இச்சட்டம் இனிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோபுரங்கள் பெருகிய நாடு அமெரிக்கா. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் வெந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மலையுச்சிதோறும் தீக்காவற் கோபுரங்கள் எழுந்தன. ஆஸ்பார்ன் என்ற வன அலுவலர் 1911இல் ஒரு கருவி அமைத்தார். வட்டத் தட்டின்மேல் நிலப்படம். அதைச் சுற்றிச் சுழலும் வளையம். வளையத்தில் குறிபார்க்கும் துளை. புகையைக் குறிபார்த்தால் திசைக்கோணம் கிடைக்கும். மற்றொரு கோபுரத்துக் காவலரும் தம் கோணத்தைத் தொலைபேசியில் சொல்வார். இரு கோடுகள் வெட்டுமிடமே தீ.

இக்கணக்கை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நான் பரங்கிமலையைச் சுட்டுவது வழக்கம். 1802 ஏப்ரலில் லாம்டன் தம் பெரு நில அளவைக்காக அம்மலையருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். ஒரு கோடும் இரு கோணமும் தெரிந்தால் எட்டாத இடத்தையும் படத்தில் குறிக்கலாம். அவர் குறித்தது மலைமுடிகளை. தீக்காவலர் குறித்தது புகையை. முக்கோணம் ஒன்றுதான்!

பின்னர் விமானமும் செயற்கைக்கோளும் வந்தன. அமெரிக்கக் கோபுரங்கள் பல ஆளின்றிப் போயின; சில, பயணிகள் தங்கும் வாடகை அறைகளாயின. நம் நாட்டில் இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயிடங்களைக் கண்டு மாநிலங்களுக்கு அறிவித்து வருகிறது. இது பெரும் உதவியே. எனினும் இதற்குப் பயன்படும் கோள்கள் ஓரிடத்தை நாளில் சில வேளைகளில் மட்டுமே கடக்கின்றன. மேகம் மறைப்பதும் உண்டு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் நடந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்றுடன் சேர்ந்து மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் இளையோர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது; ஓடுகிறவரின் கால்கள் அதற்கு ஈடாகா. வானத்துக் கண் தீயைக் கண்டால் மட்டும் போதுமா? அச்செய்தி சரிவில் நடப்பவரின் செவிக்கு உரிய நேரத்தில் எட்ட வேண்டும். அதற்கு அம்மலையை அறிந்த ஒருவர், எதிர்மேட்டில், அன்று காவலிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்படிப்பட்டவர் இன்றும் உள்ளனர். மாசி, பங்குனியில் மலையோர ஊர்களிலிருந்து தீக்காவலர் காட்டுக்குள் செல்கின்றனர். புகை கண்ட இடத்துக்கு நடந்தே போய், பச்சைத் தழைக்கிளையை ஒடித்து, அதனால் தீயை அடித்து அணைக்கின்றனர்.