நிழற்படக்காரரும் மணவீடும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில், பட்டுச் சேலைகளோடும் ஜாதகக் கட்டோடும் சேர்த்துப் பீரோவில் வைத்துப் பாதுகாக்கப்படும் பொருள் ஒன்றுண்டு. கலியாண ஆல்பமே அது. தள்ளாமையால் ஊரிலேயே தங்கிவிட்ட பாட்டிக்கு, பேத்தியின் திருமணம் என்பது அந்தப் படங்கள்தாம். ஆகவே, படமெடுப்பவரைத் தேர்ந்தெடுப்பது சிறிய காரியமன்று. குறைவாகக் கேட்பவர் யார் என்பதே முதற் கேள்வியாக இருக்குமென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இத்தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குங்கால், மணவீட்டார் மனத்தில் வேறொரு கேள்வி முன்னின்றது புலனாகிறது. இவரை நம் வீட்டினுள் விடலாமா என்பதே அது.

முதலில் மலிவின் கதையைக் கேட்போம். பாரிஸ் நகரத்து டிஸ்டெரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களைப் பதிக்கும் முறைக்கு 1854-இல் காப்புரிமை பெற்றார். விசிட்டிங் கார்டு அளவிலான அந்தப் படங்கள், அதுகாறும் செல்வர்க்கே உரியதாயிருந்த உருவப்படத்தை நடுத்தர மக்களுக்கும் எட்டச் செய்தன. அவரும் பெரும்பொருள் ஈட்டினார். ஆனால், விலையைக் குறைப்பது எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை; பக்கத்துத் தெருக்காரர் அதனினும் குறைப்பார். டிஸ்டெரி 1889-இல் வறியவராகவே மறைந்தார். அவருடைய ஆடம்பர வாழ்வும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

படம் எடுத்துக்கொள்வோரின் மனநிலை எத்துணை முக்கியம் என்பதற்கு அரண்மனைத் திருமணம் ஒன்றே சான்றாகிறது. 1858-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் மூத்த மகளுக்கும் பிரஷ்ய இளவரசருக்கும் லண்டனில் திருமணம் நடந்தது. சடங்குக்குப் புறப்படுமுன் மணமகளைப் பெற்றோருடன் நிறுத்திப் படமெடுத்தனர். அந்நாளில் சில நொடிகளேனும் அசையாது நின்றாலன்றி உருவம் தெளிவாகப் பதியாது. மகளைப் பிரியும் தாயின் நடுக்கத்தில் அரசியாரின் முகம் கலங்கிப் பதிந்துவிட்டது. ஒரு பேரரசையே ஆண்டவரும் அக்கருவியின் முன் வெறும் தாய்தான்! நெஞ்சம் அமைதியுற்றாலன்றி முகமும் அமைதியுறாது. அவ்வமைதியை உண்டாக்குவதும் படக்காரர் தொழிலில் அடங்கியதே.

நம் நாட்டில் இதனை நன்குணர்ந்தவர் லாலா தீன் தயாள். மீரத்துக்கு அருகிலுள்ள சர்தானாவில் 1844-இல் பிறந்தவர்; ரூர்க்கியில் பொறியியல் பயின்றவர். 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைபடங்களும் மதிப்பீடுகளும் தயாரிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். சர்க்கார் மேசையிலிருந்து எழுந்து கலைக்குச் சென்றவர் என்பதால் நமக்கு அவர்பால் ஒரு தனி அன்பு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறோம்! பொழுதுபோக்காகத் தொடங்கிய படக்கலை, இந்தூர் மகாராஜா இரண்டாம் துக்கோஜி ராவ், ஆங்கிலேய அதிகாரி சர் ஹென்றி டேலி ஆகியோரின் ஆதரவால் வளர்ந்தது. பின்னர் அவர் ஹைதராபாத் ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் அவைப் படக்காரராகி, 'ராஜா முசவ்விர் ஜங்' என்ற பட்டமும் பெற்றார்.

பட்டங்களைக் காட்டிலும் நம் கவனத்திற்குரியது 1892-இல் ஹைதராபாத்தில் அவர் திறந்த ஜனானா ஸ்டூடியோ. பர்தாவினுள் வாழ்ந்த உயர்குடிப் பெண்டிர் அயல் ஆடவர் முன் முகம் காட்டார். தாய், மனைவி, புதுமணப்பெண் ஆகியோரின் படத்தை வீட்டில் வைத்திருக்க அக்குடும்பத்து ஆடவர்க்கு ஆசையிருந்தும் வழியில்லை. விலையைப் பாதியாக்கினாலும், இனாமாகவே எடுத்துத் தருவதாகச் சொன்னாலும், அந்தக் கதவு திறந்திராது. தீன் தயாள் உயர்ந்த மதில்களால் சூழப்பெற்ற தனி இடம் ஒன்றை அமைத்தார். அதன் பொறுப்பைக் கென்னி லெவிக் என்ற ஆங்கில மாதிடம் ஒப்படைத்தார். உதவியாளர்களாகவும் பெண்களையே வைத்தார். ஆடவர்க்கு அங்கே அனுமதியில்லை. தனி இடமும் தனிப் பணியாளரும் என்றால் செலவு கூடுமேயன்றிக் குறையாது. ஆயினும், வீட்டுப் பெண்களின் மானம் எத்தகையது என்பதை இவர் அறிவார் என்ற எண்ணம் அக்குடும்பங்களில் வேரூன்ற இதனினும் சிறந்த வழி இருந்திருக்க முடியாது. 1896-இல் பம்பாயிலும் அவர் ஸ்டூடியோ திறந்தார், 1905-இல் காலமானார். அவருடைய கண்ணாடித் தகடுகள் 2,857 இன்று புதுதில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. தலைநகரில் வாழும் நேயர்கள் நினைவிற் கொள்ளத் தக்க செய்தி இது.

கல்கத்தாவில் இதே பணியை மதிலும் மாளிகையும் இன்றிச் செய்தவர் அன்னபூர்ணா தத்தா. 1894-இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் மணமானவர். கணவர் வழக்கறிஞர், படக்கலையில் ஈடுபாடுடையவர். அவர் தந்த ஊக்கத்தால் அம்மையார் அக்கலையைக் கற்று, அதனையே தொழிலாகவும் கொண்டார். வீடுகளுக்குச் சென்று பெண்களைப் படமெடுப்பார். தகடு கழுவுவதும் பிரதி எடுப்பதும் தம் கையாலேயே. முஸ்லிம் குடும்பங்களின் அந்தப்புரங்களும் அவருக்குத் திறந்தன. தகடு பிறர் கைக்குப் போகாது என்ற நிம்மதி, பெண்ணைப் பெற்றோர்க்கு எத்துணை பெரிதாக இருந்திருக்கும்! வங்காளிகள் அவரைச் சித்தி, பெரியம்மை என்னும் பொருளுடைய 'மாசிமா' என்ற சொல்லால் அழைத்தனர். உறவுச் சொல்லால் அழைக்கப்படுபவரிடம் எவரும் பேரம் பேசுவதில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தில்லிக் கரோல்பாக்கிலும் பம்பாய் மாதுங்காவிலும் குடியேறிய தமிழர், தங்கள் திருமணங்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர்ப் படக்காரரையே அமர்த்த நேர்ந்தது. வடநாட்டுத் திருமணம் இரவில் நடப்பது. மணமக்கள் தீவலம் வருதல் அதன் உச்சம். வலம் பலமுறை வருவதால், ஒன்று தவறினால் மற்றொன்றில் பிடித்துக்கொள்ளலாம். நம் திருமணமோ காலை முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்குகிறது, தாலி ஏறுகிறது, எல்லோரும் எழுந்து அட்சதை தூவுகிறார்கள். கண்ணிமைக்கும் நேரம்தான். அந்தணர் வீடுகளில் மணமகள் தந்தையின் மடியில் அமர்ந்திருப்பாள். பிற வீடுகளில் அவ்வாறன்று. முதல் முடிச்சை மணமகன் இட, எஞ்சிய முடிச்சுகளை நாத்தனார் இடுவது பல குடும்பங்களின் வழக்கம். எப்பக்கம் நிற்பது, எப்பொழுது விளக்கைச் சொடுக்குவது என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லித் தராது.

தலைநகரில் நாம் கண்ட வரையில், மலிவுக்காக அமர்த்தப்பட்டவர்கள் தாலிகட்டும் வேளையில் அட்சதை தூவிய கைகளையே படமெடுத்துத் தந்ததுண்டு. அதற்கு மாற்றுப் படம் எங்கே கிடைக்கும்? குமாஸ்தாச் சம்பளத்தில் மகளுக்கு மணம் முடிப்பவர் பணத்தைக் கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை, நாமும் அவ்வினத்தவரே. ஆயினும் அதே பேட்டையில், சற்று அதிகமாகவே கூலி கேட்ட ஒரு பஞ்சாபிப் படக்காரரைத் தமிழ்க் குடும்பங்கள் விடாது அழைத்தன. திருமணத்திற்கு முதல்நாள் மாலையே அவர் வீட்டிற்கு வந்துவிடுவார். பெட்டியைத் திறக்கமாட்டார். வீட்டிலுள்ள முதியவளருகே அமர்ந்து, காசியாத்திரை முதல் ஊஞ்சல் வரை ஒவ்வொன்றும் எப்பொழுது, எவ்விடத்தில் என்று அரைகுறைத் தமிழில் கேட்டறிவார். காப்பி கொடுத்தால் மறுக்காமல் குடிப்பார். மறுநாள் மண்டபத்தில் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது, "நாத்தனார் யாரம்மா?" என்பதுதான்.