மொரீசியஸ்: கரும்பு கூட்டிவந்த மக்கள்

மொரீசியஸ் தீவுக்குப் பூர்வகுடிகள் என்று எவரும் இல்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள அத்தீவில் வாழும் குடும்பங்கள் அனைத்தும் எங்கிருந்தோ கடல் தாண்டி வந்தவைதான். 1598இல் கரையிறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசரின் பெயரை அதற்குச் சூட்டினர். பின்னர் கரும்பையும் கொண்டுவந்தனர். ஆனால் அவர்களின் குடியேற்றம் வேரூன்றவில்லை. 1710இல் அவர்கள் தீவைக் கைவிட்டபோது டோடோ பறவையின் இனம் அற்றுப்போயிருந்தது.

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடினர். 1735இல் ஆளுநராக வந்த மஹே தெ லா பூர்தொன்னே போர்ட் லூயியைத் துறைமுக நகரமாக்கினார். அதற்கான கொத்தர்களும் தச்சர்களும் புதுச்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை தோன்றுவதற்கு நூறாண்டு முன்பே தமிழர் அங்கே கைவினைஞர்களாகப் போய்விட்டனர் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. இந்தியக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. எனினும் அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலும் மொசாம்பிக் கரையிலும் பிடிக்கப்பட்டவர்கள். பல மொழி பேசிய அவர்கள் தங்களுக்குள்ளும் எஜமானர்களிடமும் பேசிப் பேசி உருவானதே இன்று தீவு முழுவதும் புழங்கும் கிரியோல்.

1810இல் தீவு ஆங்கிலேயர் வசமானது. பிரெஞ்சுச் சட்டமும் மொழியும் மதமும் தொடரலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர். அதனால்தான் அலுவலகம் ஆங்கிலத்திலும் செய்தித்தாள் பிரெஞ்சிலும் வீட்டுப் பேச்சு கிரியோலிலும் நடக்கும் விசித்திரம் இன்றும் நீடிக்கிறது.

1835இல் அடிமை முறை ஒழிந்தது. நஷ்டஈடு கிடைத்தது எஜமானர்களுக்கு, அடிமைகளாயிருந்தவர்களுக்கு அல்ல. அவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு விலக, அந்த இடத்துக்கு இந்தியர் கொண்டுவரப்பட்டனர். ஒழிப்பு நடைமுறைக்கு வருமுன்பே, 1834 நவம்பர் 2 அன்று, 'அட்லஸ்' கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை இறக்கியது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்கள் வழியாக நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். போஜ்புரி பேசியவர்கள் பெரும்பகுதி. தமிழர், தெலுங்கர், மராட்டியர் மற்றவர்கள். மாதக் கூலி பெரும்பாலும் ஐந்து ரூபாய், அதனுடன் அரிசி, பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். தோட்டத்துக்கு வெளியே அனுமதிச் சீட்டின்றி நடமாடினால் சிறை. அடிமை முறை பெயரளவில்தான் ஒழிந்தது என்று சொல்ல இந்த விதிகளே போதும். அவர்கள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கரை விலை சரிந்தது. முதலாளிகள் நிலத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள்; கூலிப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்த இந்தியர்கள் வாங்கினார்கள். சிறு விவசாயிகளும் கிராமங்களும் பெருகின. கடை வைத்த சீனர்களும் குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் இதற்கிடையே வேரூன்றினர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாக்குரிமை என்ற விதியின்கீழ் 1948இல் தேர்தல் நடந்தபோது, இந்திய வம்சாவளியினரின் கை ஓங்கியது.

அந்த மாற்றம் பிறரிடம் அச்சத்தை விதைத்தது. 1967 தேர்தலில் வாக்களித்தவர்களில் சுமார் 44 சதவீதத்தினர் விடுதலையை எதிர்த்த அணியின் பக்கம் நின்றனர். 1968 மார்ச் 12 அன்று விடுதலை வருமுன், ஜனவரியில் போர்ட் லூயியில், அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கிரியோல்களும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டனர்.

இந்த அச்சத்தைத் தணிக்க அரசு கண்ட வழி, எல்லோரையும் ஒன்றாகக் கலப்பதல்ல, பங்கிட்டுக் கொடுப்பது. தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, உகாதி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் அனைத்துக்கும் பொது விடுமுறை. அரசுப் பள்ளிகளில் மூதாதையர் மொழியாகத் தமிழும் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் அதைப் பேசுவோர் மிகக் குறைவு. ஆனாலும் 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தி அச்சிடப்பட்டபோது தமிழர்கள் கொதித்தெழுந்தனர்; அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பேச்சில் மறைந்த மொழி வரிசையில் இடம் விடவில்லை.

நாடாளுமன்றத்திலும் இதே கணக்குத்தான். தேர்தலில் வென்ற 62 பேருக்கு மேல், இடம் குறைந்த சமூகங்களுக்காகத் தோற்ற வேட்பாளர்களிலிருந்து எட்டுப் பேர் வரை சேர்க்கப்படுவதற்கு அரசியலமைப்பு வழிசெய்தது. இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என நான்கே சமூகங்கள் அதில் உண்டு. கிரியோல்களும் வெள்ளையரும் கடைசிப் பிரிவுக்குள் ஒன்றாக அடைக்கப்பட்டனர். சமூகவாரியான கணக்கெடுப்பு 1972க்குப் பின் நடக்கவே இல்லை. ஆகவே அந்த எட்டு இடங்களைப் பங்கிட, அதன்பின் வந்த தேர்தல்களிலும் 1972ஆம் ஆண்டின் எண்களே அடிப்படையாகக் கொள்ளப்பட்டன.