சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு பெயர்

1940-ல் வெளிவந்த ஒரு புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் கேப்ரியேல் என்ற பெயர் இருக்கிறது. புத்தகம் 'அன் அக்ரிகல்ச்சுரல் டெஸ்டமென்ட்'. எழுதியவர் ஆல்பர்ட் ஹோவர்ட். இயற்கை வேளாண்மை பற்றிப் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது சொல்லும் பெயர் அவருடையது. மக்கு உரம் பற்றிய நூல்களில் வரும் 'இந்தூர் முறை' அவர் வகுத்தது என்றே படிக்கிறோம். கேப்ரியேல் யார் என்று கேட்டால், அவருடைய மனைவி, காலமானவர் என்பதோடு பதில் முடிந்துவிடும்.

கேப்ரியேல் மத்தாய் 1876-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் அறிவியல் படித்தார். தேர்வு எழுதலாம், தேறலாம், ஆனால் பெண்களுக்குப் பட்டம் கிடையாது என்பது அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. அந்த விதி மாற 1948 ஆயிற்று. பட்டம் இல்லாமலேயே அவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். வெப்பநிலை ஏற ஏற ஓர் இலை எவ்வளவு கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கிறது என்று அளந்து 1904-ல் வெளியிட்டார். ஒளி, வெப்பம், வாயு ஆகியவற்றில் எது குறைவாக இருக்கிறதோ அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று தாவரவியல் மாணவிகள் இன்றும் படிக்கும் விதிக்குப் பிளாக்மேன் விதி என்று பெயர். அந்த விதி எழுந்த தளத்தில் கேப்ரியேலின் அளவுகள் இருக்கின்றன.

1905-ல் பம்பாயில் ஆல்பர்ட் ஹோவர்டை மணந்துகொண்டு பீகாரின் பூசாவுக்குப் போனார். ஆல்பர்ட் அங்கே அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர். கோதுமையிலும் புகையிலையிலும் இருவரும் சேர்ந்தே ஆய்வு செய்தார்கள். ஆனால் ஒருவருக்குத்தான் பதவி. 1910-ல் கேப்ரியேலுக்குக் கணவரின் உதவியாளர் என்ற பெயர் கிடைத்தது. 1913-ல்தான் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியலாளர் ஆனார். 1924-ல் இருவரும் இந்தூருக்குச் சென்றார்கள். அங்கே அமைந்த பயிர் ஆய்வு நிலையத்தில்தான் மக்கு உரச் சோதனைகள் நடந்தன. 1930 ஆகஸ்டில் கேப்ரியேல் ஜெனீவாவில் இறந்தார். அடுத்த ஆண்டு அந்த முறையை விளக்கும் நூல் வந்தது. அட்டையில் ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்று இரண்டு ஆண்களின் பெயர்கள் இருந்தன.

ஆல்பர்ட் மனைவியின் உழைப்பைத் திருடிக்கொண்டார் என்று சொல்ல வரவில்லை. 1909-ல் வந்த இந்தியக் கோதுமை பற்றிய நூலிலும், 1927, 1929-ல் வந்த நூல்களிலும் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாகியுள்ளன. அவர் மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் 'தந்தை' ஒருவரைத் தேடினார்கள், ஒருவரைக் கண்டுகொண்டார்கள்.

இதில் இன்னொரு பெண்ணும் உண்டு. கேப்ரியேலின் தங்கை லூயிஸ், செம்மொழிகள் படித்தவர், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் விவசாயத் தொழிலாளர் பிரிவில் பணியாற்றியவர். அக்கா இறந்த மறு ஆண்டு ஆல்பர்டை மணந்தார். அக்காவும் ஆல்பர்டும் இந்தியாவில் செய்த வேலை முழுவதையும் ஒரே நூலாகத் தொகுத்து 1953-ல் வெளியிட்டவர் அவரே. அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர்: 'சர் ஆல்பர்ட் ஹோவர்ட் இன் இந்தியா'. அக்காவின் கதையை எழுதிய தங்கைக்கும் தலைப்பில் வைக்க ஓர் ஆணின் பெயர்தான் கிடைத்தது.

இருந்தாலும் கேப்ரியேலைத் தேடினால் கிடைத்துவிடுகிறார். தேடினாலும் கிடைக்காத பெண்கள் வேறு.

இந்தூர் முறை என்பது என்ன? செடிகொடிக் கழிவு, மாட்டுத் தொழுவத்தில் பரப்பிய வைக்கோல், சாணம், கோமியம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல் ஆகியவற்றைக் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக எடுப்பது. இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தொழுவம் கூட்டுவது யார்? சாணி அள்ளுவது யார்? அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டுவது யார்? விவசாயிகளே தன் ஆசிரியர்கள் என்று ஆல்பர்ட் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும்போது நம் மனக்கண்ணில் ஏர் பிடித்த ஓர் ஆண் வந்து நிற்கிறான், கூடையோடு நிற்கும் அவன் மனைவி வருவதில்லை.

சாணத்தை உரமாக்காமல் வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள் என்பது அந்தக் காலத்து வேளாண் அதிகாரிகள் அடிக்கடி சொன்ன குறை. வறட்டி தட்டியவள் அறியாமையால் அதைச் செய்யவில்லை. விறகு இல்லாத ஊரில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் சாப்பிட வேண்டும். அவள் கணக்கில் சாணம் என்பது நாளைய சோறு. சாணத்தில் பெரும்பங்கு அடுப்புக்குப் போய்விடும் நாட்டில், மிஞ்சும் கொஞ்சத்தைக் கொண்டு நிறையச் சருகை எப்படி மட்க வைப்பது என்ற கேள்விக்கு விடையாகத்தான் இந்தூர் முறை உருவானது. ஆக, அந்தச் செய்முறையை அடுப்படியில் இருந்த பெண்ணும் தீர்மானித்திருக்கிறாள்.

நம் ஊர்ப் பேச்சில் 'குப்பை' என்றால் கழிவு மட்டும் இல்லை. 'வயலுக்குக் குப்பை அடிக்கிறார்கள்' என்றால் எரு அடிக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்குப் பின்னால் ஆண்டு முழுக்கக் குப்பைமேட்டை வளர்த்தவள் பெண். வண்டி வந்து நின்றதும் அது ஆணின் வேலை ஆகிவிடும். வண்டியில் இருந்து இறங்கியதும் கூடையில் சுமந்து வயலெங்கும் இறைப்பது மறுபடி பெண்களின் வேலை. அதற்குக் கூலி ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது.

இன்னும் ஒரு அடுக்கு கீழே போக வேண்டும். 1930-களின் இறுதியில் பெங்களூரில் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி உரமாக்கும் முறையை வகுத்தார். 'பெங்களூர் முறை' என்று பாடநூல்கள் அதைப் புகழ்கின்றன. அந்தக் கழிவு குழிவரை தானாக நடந்து வரவில்லை. உலர் கழிப்பிடங்களில் அதை அள்ளிக் கூடையில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சாதியால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்ட பெண்கள். 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த கொடுமை அது. மண்ணுக்குச் செழிப்பு தந்த கைகளைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டு, அந்தச் செழிப்பில் விளைந்ததை மட்டும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டோம். மக்கு உரத்தின் வரலாற்றைப் பெண்ணிய வரலாறாக எழுதும்போது கேப்ரியேலோடு நின்றுவிட்டால், நாமும் சமர்ப்பணப் பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருப்போம்.

இன்று குப்பை நம் சமையலறைக்கு வந்திருக்கிறது. வீட்டிலேயே கழிவைத் தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-ன் விதிகள் கூறின. பிரிப்பது யார் என்று விதி சொல்லவில்லை. சொல்லாத வேலைகள் எல்லாம் யாரிடம் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும். மாடித்தோட்டத்துக் கத்தரிக்காயை விருந்தாளிக்குக் காட்டுகிறவர் ஒருவர். காய்த்தோலையும் டீத்தூளையும் தினமும் எடுத்து வைத்தவர் வேறொருவர்.

வேலை கடினமானது அல்ல. துளையிட்ட பழைய தொட்டி போதும். சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. நடுநடுவே ஒரு கை மண் அல்லது பழைய எரு. பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு சேர்க்க வேண்டும். உள்ளே சூடு ஏறுவது நல்ல அறிகுறி. வாரம் ஒருமுறை கிளறினால் காற்று போகும். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு வரும். அதைத் தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தால் கீரையும் வெண்டையும் நன்றாக வரும்.

இதில் எதற்கும் பெண்ணின் கை மட்டும்தான் வேண்டும் என்று இல்லை. கிளறும் முறையை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்கலாம். காலண்டரில் எழுதிவைத்தால் யார் கிளறினார்கள் என்பதற்கு ஒரு பதிவும் இருக்கும். கேப்ரியேலின் பெயரை இன்று நாம் கண்டுபிடிக்க முடிந்ததும், எங்கோ யாரோ அதைத் தாளில் எழுதிவைத்ததால்தான்.