வேலையிழந்தவருக்கு என்ன கிடைத்தது?

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது பசறைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது நின்றுவிடவில்லை. பெருந்தோட்டங்களுக்கு அனுமதி இருந்தது. லயன்களிலிருந்து கொழும்புக்குப் போய்க் கடைகளிலும் ஹோட்டல்களிலும் உழைத்த பிள்ளைகளுக்குத்தான் வேலை நின்றது.

அரசு ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா வழங்கியது. 2019 கூட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை நாட்சம்பளமான 700 ரூபாவோடு ஒப்பிட்டால், அது ஒரு தொழிலாளியின் ஏழு நாள் கூலி. அதுவும் வேலையிழந்தவருக்கு மட்டுமென்று தரப்பட்டதன்று.

மே மாதத்தில் அரசும் தொழில்தருநரும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வேலையின்றி வீட்டிலிருப்பவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் கூடியது எதுவோ அது. ஆனால் கொடுக்கவேண்டியவர் முதலாளி, திறைசேரி அன்று. அதே காலத்தில் பிரித்தானிய அரசு சம்பளத்தில் 80 வீதத்தைத் தானே ஏற்றது.

இதன் வேர் பழையது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கிறது. பதினைந்து பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் இடங்களுக்கு அது பொருந்தாது. மலையகப் பிள்ளைகள் பலர் நிற்பது அத்தகைய சிறு கடைகளில்தான். வேலையின்மைக் காப்புறுதியும் அன்று நம் நாட்டில் இருக்கவில்லை.

நியமனக் கடிதமோ சேமலாப நிதி இலக்கமோ இல்லாத ஒருவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்? நிவாரணத்தொகையை உயர்த்துவது பிறகு ஆகட்டும். முதலில் அவர் தொழிலாளியாகப் பதியப்படவேண்டும் என்பதே என் எண்ணம்.