அடைத்த பல்லில் மறுபடியும் சூத்தை ஏன்?

சூத்தைப் பல்லை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பல்லுக்கும் அடைப்புக்கும் இடையில் மயிரளவு இடைவெளி போதும். பற்றீரியா உள்ளே போய், நாம் தின்னும் சீனியை அமிலமாக்கி, பல்லைத் திரும்பவும் அரிக்கும்.

இதற்கு எதிரான பழைய ஆயுதம் நமது கராம்பில் இருக்கிறது. கராம்பு எண்ணெயிலுள்ள யூஜினோலை சிங்க் ஒக்சைட்டுடன் குழைத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பல் வைத்தியர்கள் பாவித்தார்கள். வலி குறைந்தது, கிருமியும் அடங்கியது. ஆனால் நெடுநாள் கடிக்கத் தாங்காது.

பிறகு வந்த சிலிக்கேட் சீமெந்து வாயில் மெல்லக் கரைந்தது. ஆனாலும் அதைச் சுற்றிச் சூத்தை குறைவாகவே வந்தது. காரணம், அதிலிருந்து கசிந்த புளோரைட்டு. அந்த நல்ல குணத்தை விடாமல், பல்லோடு ஒட்டவும் கூடிய கிளாஸ் அயனோமர் சீமெந்தை இங்கிலாந்தின் அலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972இல் அறிமுகப்படுத்தினார்கள். மின்சாரம் இல்லாத கிராமங்களிலும் கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்க முடிந்தது.

1990களில் ஜப்பானில் இமாசாட்டோ குழுவினர் கிருமியைக் கொல்லும் மூலக்கூறை ரெசினுக்குள்ளேயே பிணைத்தார்கள். அது கசிந்து தீராது. ஆனால் தன்னைத் தொடும் கிருமியை மட்டுமே தாக்கும். எச்சில் படலம் மூடினால் அந்த வலிமையும் குறையும்.

நூறு வருடத்துக்கு மேலான தேடலுக்குப் பிறகும், துலக்காத வாயைக் காப்பாற்றும் அடைப்பு வரவில்லை. மிஸ்வாக்கோ பிரஷோ, இன்று இஷாவுக்குப் பிறகு பிள்ளைகளைப் பல் துலக்கவிட்டுத் தூங்க அனுப்புங்கள்.