பரியும் நரியும்: பல்கலைக்கழகக் கணினிக் காவலின் வரலாற்றில் ஒரு பகுதி

திருப்பெருந்துறை எனப் போற்றப்பெறும் ஆவுடையார்கோவில், இலிங்கத் திருமேனியின்றி ஆவுடையார் மட்டுமே கருவறையில் அமைந்த தலம். குதிரை வாங்கப் பாண்டியன் அளித்த பொருளை மாணிக்கவாசகர் இங்குத் திருப்பணிக்குச் செலவிட்டதும், பின்னர் இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்ததும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விரிவாகக் கூறப்பெறுகின்றன. நரியைக் குதிரை செய்த செயலை அப்பர் தேவாரமும் குறித்தலின், மாணிக்கவாசகர் காலம் பற்றிய வாதத்தில் அறிஞர் பலர் இதனை எடுத்தாண்டனர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. குதிரைப் பந்தியில் நிகழ்ந்ததே நாம் நோக்கத் தக்கது.

பகலில் வேந்தன் முன்னிலையில் குதிரைகள் நடத்திக் காட்டப்பெற்றன, குறையொன்றும் காணப்படவில்லை. வணிகர் தலைவன் கயிறு மாறிக் கொடுத்தான். அத்துடன் அவன் பொறுப்பு நீங்கிற்று. இரவில் அவை நரிகளாகி, பந்தியில் முன்பே நின்ற குதிரைகளைக் கடித்துக் குதறின. உருவத்தை நம்பியதே அழிவுக்கு வழியாயிற்று.

நல்லது போல் வந்து தீங்கிழைக்கும் நிரலைக் கணினி நூலார் டிராய் நகரத்துக் குதிரையின் பெயரால் வழங்குவர். அக்குதிரையின் வயிற்றில் வீரர் ஒளிந்திருந்தனர். நம் கதையிலோ குதிரையே நரி. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நேர்ந்த இடருக்கு நம் கதையே நெருங்கிய உவமை எனலாம்.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் இராபர்ட் டாப்பன் மாரிசு, தம் இடம் தெரியாதிருத்தற்பொருட்டு மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகக் கணினி ஒன்றிலிருந்து, தானே பெருகும் நிரல் ஒன்றை வலையில் விடுத்தார். அது பின்னர்ப் 'புழு' எனப் பெயர் பெற்றது. யூனிக்சு இயக்க முறையில் இருந்த பிழைகள் வழியே அது நுழைந்தது; பயனர்தம் பெயரைத் திருப்பியும் இரட்டித்தும், 432 சொற்கள் கொண்ட பட்டியலைக் கொண்டும் கடவுச்சொற்களை ஊகித்தது. ஊகித்தபின் அப்பயனர் வடிவிலேயே பிற கணினிகளுட் புகுந்தது. ஒரு கணினி மற்றொன்றை நம்பிக் கேள்வியின்றி ஏற்ற இடங்களில் அவ்வூகமும் வேண்டியதில்லை. முன்பே புழு குடியிருந்த கணினியிலும் ஏழு முறைக்கு ஒரு முறை தங்கிவிடுமாறு அது எழுதப்பட்டிருந்தமையால், பெருகிப் பெருகிக் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. வலையில் அன்றிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் பத்தில் ஒன்று பாதிக்கப்பட்டது என்பது அக்கால மதிப்பீடு. அதனைத் துல்லியமான கணக்காகக் கொள்ளலாகாது.

இவருடைய தந்தையாரும் இராபர்ட் மாரிசு என்னும் பெயரினரே. அவர் கென் தாம்சனுடன் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஆய்ந்த 3,289 கடவுச்சொற்களுள் 2,831 எளிதில் கண்டறியத் தக்கன என்று காட்டியது. தந்தை எச்சரித்த வழியுள் ஒன்றில் மைந்தர் விடுத்த நிரல் சென்றது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் பயனர் பழக்கம் மாறவில்லை என்பதே இதில் வருந்தத் தக்கது. மாரிசுக்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன.

காவல் என்பது கதவடைத்தலே என்பாரை இந்நிகழ்ச்சி மறுக்கின்றது. அஞ்சிய நிறுவனங்கள் பல வலையினின்றும் தம்மைத் துண்டித்துக்கொண்டன. பெர்க்கிலியிலும் பர்டூவிலும் அறிஞர் கண்ட மாற்று வழிகளோ வலை வழியாகவே அனுப்பப்பெற்றன; துண்டித்துக்கொண்டோர்க்கு அவை உரிய காலத்திற் சென்று சேரவில்லை. இக்குறை கண்டே, அந்நவம்பரிலேயே கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கணினி இடர்களை ஒருங்கிணைந்து எதிர்கொள்ளும் குழு தோன்றியது.

இந்தியாவில் சென்னைத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் 1986இல் தொடங்கப்பெற்றது. அத்தகைய குழுவொன்று இங்கு 2004இல்தான் செயற்படத் தொடங்கிற்று. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் 66சி பிரிவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திற் சேர்ந்தது. தோழனிடம் கடவுச்சொல்லைக் கூறும் மாணவன் கயிறு மாறிக் கொடுத்தவனாகத் தன்னைக் கருதலாம். வணிகர் தலைவன் போல அவன் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. இடரை உணர்ந்த ஆறு மணி நேரத்துள் அக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டும் என 2022இல் ஆணை பிறந்தது.