பிரேக்கிலிருந்து பிறந்த மலைச் சைக்கிள்



உங்களில் பலர் பிள்ளைகளுக்கு இப்போது தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் வாங்கித் தருகிறீர்கள். கியர் எத்தனை என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அந்தச் சைக்கிளின் வரலாறு தொடங்குவது பிரேக்கில்.

இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுன்டி. அங்கே 1970களில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த கனமான பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து ஓட்டி இறங்கினார்கள். அவற்றில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும்.

ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மண்பாதை. சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் 1,300 அடி இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லியும் நண்பர்களும் அங்கே முதல் பந்தயம் நடத்தினார்கள். கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைப்பது', என்று பெயர் வந்தது.

சூடு ஒரு குறை. இன்னொன்று, அந்தப் பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடித்தது. இறக்கத்தில் பிரேக் போட்டால் எடை முன்சக்கரத்துக்குப் போகும். லேசான பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்கும் சக்கரம் சரியாக நிற்கவும் செய்யாது, சொன்ன பக்கம் திரும்பவும் செய்யாது.

ஆகவே கேரி ஃபிஷர் முதலானோர் இரு சக்கரத்துக்கும் கைப்பிரேக் வைத்து, மோட்டார் சைக்கிளின் பெரிய லீவர்களைப் பொருத்தினார்கள். மிதி பிரேக் போனதும் பின்சக்கரத்தில் பல கியர் வைக்க வழி பிறந்தது. இறங்க மட்டுமே பயன்பட்ட சைக்கிள் மலை ஏறவும் தொடங்கியது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதுச் சட்டகம் செய்தார். அவருடைய முதல் சைக்கிள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரீபேக் பாதையில் ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. நம்பிப் பிடிக்கப் பிரேக் இருந்தால்தான் அப்படித் துணிந்து இறங்க முடியும்.

1996இல் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது. பிறகு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பரவியது. முழுக் கையும் இறுக்கிய இடத்தில் இன்று ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். மற்ற விரல்கள் கைப்பிடியை விடுவதில்லை.

இந்த வரலாறு தரும் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லீவரைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால் விரல் அதன் நுனியில் அமரும். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? நுனியில் இழுத்தால் குறைந்த விசை போதும். முன்கையும் விரலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி லீவரைச் சாய்த்து வையுங்கள். சிறு கைக்கு எட்டாவிட்டால், பெரும்பாலான லீவர்களில் அதற்கென ஒரு திருகு உண்டு. அமெரிக்காவில் முன் பிரேக் பெரும்பாலும் இடக்கையில். நம் ஊரில் வலக்கையில். புதுச் சைக்கிளில் எது எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் தாழ்த்தி, குதிகாலை இறக்கி, இரு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல.

பிள்ளைக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கும்போது, நிறுத்தவும் கற்றுக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்